முஃப்திக்குச் சம்பளம் தருவது யார்?

வட்டி என்ற வார்த்தையே வாயில் வராமல் ஒருவர் உங்களிடம் பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு லட்சம் கொடுங்க. மாசம் பொறந்தா ரெண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் வரைக்கும் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும். இது வட்டி இல்லீங்க. தொழில்ல வர்ற லாபத்துல உங்க பங்கு. மார்க்கம் அனுமதிச்ச ஹலால் பணம்" என்கிறார்.

கணக்குப் பாடத்தில் பாஸ் மார்க் வாங்கியவர் யாராக இருந்தாலும் மனசுக்குள் கால்குலேட்டர் ஓடும். மாதம் மூன்று சதவீதம் என்றால் வருடத்துக்கு முப்பத்தாறு. வந்ததை எடுக்காமல் அதிலேயே திரும்பப் போட்டால் இரண்டே வருடத்தில் பணம் இரட்டிப்பு. மழைக்கும் வெயிலுக்கும் அசராமல் இப்படி லாபம் கொட்டுகிற தொழில் பூமியில் எது? இருந்தால் அவர் ஏன் நம்மிடம் வந்து கையேந்துகிறார்? பேங்க்கில் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கி, மீதி இருபத்து நாலையும் அவரே வைத்துக்கொள்ளலாமே?

ஆனால் கேட்பவர் ஐந்து வேளை தொழுகை தவறாதவர். ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு அள்ளிக் கொடுப்பவர். ஊரே மதிக்கிற ஆலிம் ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் கால்குலேட்டர் நின்றுவிடும்.

பெங்களூரில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அப்படித்தான் நின்றுபோனது.

ஐ மானிட்டரி அட்வைஸரி. சுருக்கமாக ஐ.எம்.ஏ. 2006-ல் முகமது மன்சூர் கான் ஆரம்பித்த கம்பெனி. தங்க வியாபாரம், நகைக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என்று கிளை விரித்தது. 'வட்டியில்லா ஹலால் முதலீடு' என்பதுதான் அதன் ஒரே விளம்பரம். 2019 ஜூன் மாதம் 'நான் தற்கொலை செய்துகொள்ளப் போகிறேன்' என்று ஓர் ஆடியோவை வெளியிட்டுவிட்டு மனிதர் துபாய்க்குப் பறந்தார். ஜூலையில் டெல்லியில் வந்து இறங்கியபோது கைது செய்தார்கள். சிவாஜி நகரில் மண்டபம் பிடித்து, கவுண்டர் போட்டுப் புகார் வாங்க வேண்டியிருந்தது போலீஸுக்கு. புகார் கொடுத்தவர்கள் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். சி.பி.ஐ. சொல்லும் கணக்கில் திரட்டப்பட்ட பணம் 4,000 கோடி ரூபாய்க்கு மேல்.

யாருடைய பணம்? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது. வளைகுடாவில் வெயிலில் வெந்து அனுப்பியது. ஹஜ் போக எடுத்து வைத்தது. 'பேங்க்கில் போட்டால் வட்டி வரும், வட்டி ஹராம்' என்று பயந்த மனிதர்களின் பணம். இறைவனுக்குப் பயந்தவர்களிடம்தான் இந்தக் கொள்ளை நடந்திருக்கிறது.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று தெரியும். ஒரு கோஷ்டி, 'பார்த்தீங்களா, ஷரியத் பேரைச் சொன்னா இப்படித்தான்' என்று கை கொட்டிச் சிரிக்கும். இன்னொரு கோஷ்டி, 'எங்கள் மார்க்க விஷயத்தில் உனக்கென்ன வேலை?' என்று முறைக்கும். இரண்டு கோஷ்டிக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஷரியத் சட்டத்தைப் பின்பற்றியதால் அந்த மக்கள் ஏமாறவில்லை. கம்பெனி அந்தச் சட்டத்தைப் பின்பற்றுகிறதா என்று பார்க்க ஆளில்லாததால்தான் ஏமாந்தார்கள்.

எப்படி என்று பார்ப்போம்.

இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் 'முதாரபா' என்று ஒரு ஒப்பந்தம் உண்டு. ரொம்பப் பழசு. ஒட்டகத்தின் மேல் சரக்கேற்றி வியாபாரத்துக்குப் போன காலத்திலிருந்து இருக்கிறது. காதர் பாயிடம் பணம் இருக்கிறது, தொழில் தெரியாது. சலீமுக்குத் தோல் வியாபாரம் தெரியும், பணம் இல்லை. காதர் பாய் முதல் போடுகிறார். சலீம் உழைக்கிறார். லாபம் வந்தால் அறுபதுக்கு நாற்பது என்றோ பாதிக்குப் பாதி என்றோ முன்கூட்டியே பேசிக்கொண்ட விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். நஷ்டம் வந்தால்? பண நஷ்டம் காதர் பாய்க்கு. உழைத்த உழைப்பு சலீமுக்கு நஷ்டம். சலீம் அஜாக்கிரதையாகவோ அயோக்கியத்தனமாகவோ நடந்துகொண்டிருந்தால் மட்டுமே முதலைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வரும்.

இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது. பேச வேண்டியது விகிதம். தொகை பேசக் கூடாது. 'மாசா மாசம் உனக்கு மூவாயிரம்' என்று சலீம் வாக்குக் கொடுத்த நிமிடமே அது முதாரபா இல்லாமல் போகிறது. அதற்குப் பெயர் வட்டி. பச்சைப் பெயிண்ட் அடித்த வட்டி.

இன்னும் இருக்கிறது. லாபத்தைப் பிரிக்க வேண்டுமானால் லாபம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் கணக்கு இருக்க வேண்டும். முதல் போட்டவருடைய பணம் எந்தச் சரக்கில் போயிருக்கிறது, அந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்பதற்கெல்லாம் பதில் இருக்க வேண்டும். புதிதாக வந்தவரின் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்கு 'லாபம்' என்று கொடுப்பது எந்த மார்க்கத்திலும் ஹலால் ஆகாது.

ஆக, கண்டிப்பான ஒரு மார்க்க அறிஞர், கம்பெனியிடம் ஒரு காசு வாங்காதவர், ஒரே ஒரு நாள் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து லெட்ஜரைக் கேட்டிருந்தால் போதும். 'எந்தச் சரக்கில் வந்த லாபம் இது?' என்ற ஒரு கேள்வியிலேயே எல்லாம் முடிந்திருக்கும். மார்க்கத்தின் சட்டம்தான் அந்த மக்களுக்கு இருந்த முதல் காவல். அந்தக் காவலைப் போட யாரும் இல்லை.

யாரும் இல்லை என்பதுகூடச் சரியில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவர்களில் சிலர் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்கள். ஐ.எம்.ஏ. வழக்கில், பணம் போடச் சொல்லி மக்களைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஒரு மதகுருவே கைதானார்.

*

உலகம் முழுக்க இஸ்லாமிய நிதி நிறுவனங்களில் 'ஷரியத் வாரியம்' என்று ஒன்று இருக்கும். மூன்று அல்லது ஐந்து அறிஞர்கள். கம்பெனியின் ஒவ்வொரு திட்டத்தையும் பார்த்து 'கூடும்', 'கூடாது' என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறிஞர்களை நியமிப்பது யார்? கம்பெனி. சம்பளம் தருவது யார்? கம்பெனி. அடுத்த வருடம் வேண்டாம் என்று அனுப்பக்கூடியவர் யார்? அதே கம்பெனி.

'ஆடிட்டருக்கும் கம்பெனிதானே ஃபீஸ் கொடுக்கிறது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆடிட்டர் ஒரு பரீட்சை எழுதி வந்தவர். அவருக்கு ஓர் உறுப்பினர் எண் இருக்கிறது. தப்பு செய்தால் அதைப் பறிக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. அவரை நியமிப்பது பங்குதாரர்களின் பொதுக்குழு. ஒரே ஆடிட்டர் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்குக் கெடு வைத்திருக்கிறது. இத்தனை பூட்டு போட்ட பிறகும் சத்யம் மாதிரி விவகாரங்கள் நடக்கின்றன. இங்கே 'ஹலால்' என்று சான்று எழுதுகிறவருக்கு ஒரு பூட்டும் இல்லை. பதிவு கிடையாது, தகுதித் தேர்வு கிடையாது. சான்று பொய்யென்று தெரிந்தால் அதைக் கொடுத்தவருக்குத் தண்டனையும் கிடையாது.

நேர்மையான அறிஞர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. பாகிஸ்தானைச் சேர்ந்த முஃப்தி தகி உஸ்மானி, பஹ்ரைனில் இருக்கும் சர்வதேச இஸ்லாமியக் கணக்கியல் அமைப்பின் ஷரியத் குழுத் தலைவராக இருந்தபோது, 2007-ல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சந்தையில் 'சுகூக்' என்ற பெயரில் விற்கப்படும் இஸ்லாமியப் பத்திரங்களில் சுமார் 85 சதவீதம் ஷரியத்துக்குப் பொருந்தாதவை என்றார். அந்தப் பத்திரங்களுக்கெல்லாம் அறிஞர்களின் சான்று இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். அப்படியானால் அந்தச் சான்றுகளுக்கு என்ன மதிப்பு?

அதைவிட வேடிக்கை பத்து வருடம் கழித்து நடந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் டானா கேஸ் என்று ஓர் எரிவாயுக் கம்பெனி. 70 கோடி டாலர் மதிப்புள்ள சுகூக் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் வாங்கியிருந்தது. திருப்பித் தரும் நேரம் நெருங்கியபோது, 2017 ஜூனில், 'நாங்கள் வெளியிட்ட பத்திரம் ஷரியத்துக்குப் பொருந்தாது. அதனால் சட்டப்படி செல்லாது' என்று அறிவித்தது. வாங்கும்போது ஹலால், கொடுக்கும்போது ஹராம்! லண்டன் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2018-ல் சமரசம் பேசி முடித்தார்கள். கடன் வாங்கியவனே மார்க்கத்தைச் சாக்காக வைத்து நழுவப் பார்க்கலாம் என்ற பாடம் மட்டும் உலகத்துக்கு மிச்சம்.

எகிப்து இன்னும் பழைய கதை. 1980-களில் அங்கே 'அல் ரய்யான்' மாதிரியான 'இஸ்லாமிய முதலீட்டுக் கம்பெனிகள்' கொடிகட்டிப் பறந்தன. பேங்க் கொடுப்பதைவிடப் பல மடங்கு 'லாபம்' கொடுத்தன. 1988-ல் அரசு சட்டம் போட்டுக் கணக்குக் கேட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன. பிறகுதான் ஒரு சமாசாரம் வெளியே வந்தது. 'பரக்கத் பட்டியல்' என்று ஒன்று வைத்திருந்தார்களாம். செல்வாக்குள்ள ஆசாமிகளுக்கு மட்டும் கூடுதல் லாபம். பரக்கத் என்றால் இறைவனின் அருள் வளம். லஞ்சத்துக்கு இதைவிடப் புனிதமான பெயரை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பாகிஸ்தான்? அது இஸ்லாமியக் குடியரசு. 1980-லேயே முதாரபா கம்பெனிகளுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். ஒரு கம்பெனி பொதுமக்களிடம் பணம் திரட்டுவதற்கு முன், அரசு நியமிக்கிற மதக் குழு அதன் திட்டத்தைப் படித்துப் பார்த்துச் சான்று தர வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2013 வாக்கில் அங்கேயும் ஒரு பெரிய முதாரபா மோசடி வெடித்தது. மவுலவிகளும் முஃப்திகளும் கைதானார்கள். பதிவு செய்யாமல், மதக் குழு இருக்கும் திசைப் பக்கமே போகாமல், தனிமனிதர்களின் புனிதத்தை மட்டும் நம்பித் திரட்டிய பணம் அது. அதன் பிறகு 2017-லும் 2018-லும் ஷரியத் ஆலோசகர்களுக்கும் ஷரியத் நிர்வாகத்துக்கும் தனித்தனியாக விதிகள் கொண்டுவந்தது அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம். ஷரியத்தைச் சட்டமாக வைத்திருக்கும் நாட்டிலேயே, அதைக் கண்காணிக்கத் தனியாக விதி வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் கொஞ்சம் உருப்படியாகச் செய்திருக்கிறார்கள். 1997-ல் மத்திய வங்கிக்குள்ளேயே ஒரு தேசிய ஷரியத் ஆலோசனைக் குழுவை வைத்தார்கள். அதன் தீர்ப்பு நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2009-ல் சட்டம் செய்தார்கள். கம்பெனியின் ஷரியத் குழுவில் யாரைப் போடுவதானாலும் மத்திய வங்கியின் ஒப்புதல் வேண்டும். 2013 சட்டப்படி, ஷரியத்தை மீறி நடந்தால் எட்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டரைக் கோடி ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பாவத்துக்கு மறுமையில் தண்டனை என்று விட்டுவிடாமல் இம்மையிலேயே ஜெயில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த மலேசியாவுக்கே ஓர் அடி விழுந்தது. 'தாபுங் ஹாஜி' என்பது ஹஜ் யாத்திரைக்காக மக்கள் சிறுகச் சிறுகச் சேமிக்கும் நிறுவனம். 1963-லிருந்து நடக்கிறது. ஆட்டையும் மாட்டையும் நிலத்தையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய கிராமத்து ஜனங்களைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது. உன்னதமான நோக்கம். ஆனால் அது பேங்க் அல்ல, தனிச் சட்டத்தில் இயங்கிய நிறுவனம். 2017 கடைசியில் அதன் கடன் பொறுப்பு, சொத்து மதிப்பைவிட 410 கோடி ரிங்கிட் அதிகம் என்று 2018-ல் தணிக்கை சொன்னது. சொத்து குறைவாக இருந்தால் லாபம் பங்கிடக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் சட்டம். பங்கிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2019-ல், மத்திய வங்கியின் கண்காணிப்பு அதன் மேலும் வந்தது.

இந்த நான்கு நாட்டுக் கதையிலும் வேலியைத் தாண்டியது யார் என்று பாருங்கள். பேங்க் அல்லாத கம்பெனிகள். பேங்க் என்று பெயர் வைத்தால் ஆயிரம் கேள்வி வரும். 'முதலீடு', 'கூட்டு வியாபாரம்', 'சேமிப்பு நிதி' என்று பெயர் வைத்தால் கேள்வி வராது. கூடவே மார்க்கத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டால், கேட்க நினைப்பவரும் வாயை மூடிக்கொள்வார்.

*

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் அரசாங்கம் என்ன செய்தது?

கமிட்டி போட்டது. இந்த தேசத்தில் கமிட்டிக்குப் பஞ்சமே கிடையாது. இருக்கும் சட்டத்தில் இஸ்லாமிய வங்கிக்கு இடமில்லை என்று ரிசர்வ் வங்கியின் உள் குழு ஒன்று 2006-ல் சொன்னது. வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்ய வேண்டும் என்று 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான கமிட்டி சொன்னது. சாதாரண பேங்க்கிலேயே ஒரு 'இஸ்லாமிய ஜன்னல்' திறக்கலாம் என்று பிறகு ரிசர்வ் வங்கியின் வேறொரு குழு யோசனை சொன்னது. 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டபோது, இந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது என்றது ரிசர்வ் வங்கி. காரணம்? எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெற விரிவான, சமமான வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறதாம்.

சைவச் சாப்பாடு கேட்டவரிடம், 'பிரியாணி எல்லோருக்கும் சமமாகத்தான் பரிமாறுகிறோம்' என்று சொல்வது போல இருக்கிறது இது.

ஜன்னலை மூடிவிட்டால் அதற்கான தேவை செத்துவிடுமா? சந்து வழியாக வரும். சந்தில் ஐ.எம்.ஏ. உட்கார்ந்திருந்தது. ஹைதராபாத்தில் ஹீரா குழுமம் உட்கார்ந்திருந்தது. அதன் தலைவி நவ்ஹீரா ஷேக் 2018 அக்டோபரில் கைதானார். அமலாக்கத் துறை சொல்லும் தொகை அங்கேயும் 5,000 கோடிக்கு மேல். அங்கேயும் 'வட்டியில்லா' முதலீடுதான், வருடத்துக்கு முப்பத்தாறு சதவீதம்தான். கணக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே கணக்கு!

ஐ.எம்.ஏ. விஷயத்தில் அரசுக்குத் தெரியவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி கர்நாடக அரசை முன்பே எச்சரித்தது. விசாரணையும் நடந்தது. பணம் போட்டவர்களை எல்லாம் டெபாசிட்தாரர் என்று சொல்லாமல் 'பார்ட்னர்' என்று காகிதத்தில் காட்டியிருந்தது கம்பெனி. பார்ட்னர் போடுவது டெபாசிட் இல்லை, எனவே டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று அறிக்கை கொடுத்தார்கள் வருவாய்த் துறையில். அப்படி நல்ல சர்டிபிகேட் கொடுக்க லஞ்சம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு அதிகாரிகள் கைதானார்கள். முஃப்தி கொடுக்கும் முத்திரைக்குத்தான் விலை உண்டு என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கார் முத்திரைக்கும் உண்டு.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஐ.எம்.ஏ. கவிழ்ந்த அதே 2019-ல் அனுமதியற்ற டெபாசிட் திட்டங்களைத் தடை செய்ய மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. கடுமையான சட்டம்தான். ஆனால் எது டெபாசிட் இல்லை என்ற பட்டியலில், கூட்டு நிறுவனத்தில் பார்ட்னர்கள் போடும் மூலதனமும் இருக்கிறது. நிஜமான பார்ட்னர்களுக்கு அந்த விலக்கு வேண்டியதுதான். ஆனால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத 'பார்ட்னர்'களைச் சேர்த்தால் அதற்கு என்ன பெயர்? திருடன் வந்துபோன கொல்லைக் கதவில் 'பார்ட்னர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டி வைத்திருக்கிறோம்.

கண்காணிப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ஷரியத் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகள் இங்கே பல வருடங்களாக இருக்கின்றன. டாடா எத்திக்கல் ஃபண்ட் அதில் ஒன்று. மது, சூதாட்டம், வட்டித் தொழில் கம்பெனிகளில் பணம் போடாது. கடன் ஒரு வரம்புக்கு மேல் போன கம்பெனிகளையும் தொடாது. செபி கண்காணிக்கிறது. யூனிட்டின் மதிப்பு தினம் வெளியாகிறது. ஏறும், இறங்கும். மாதம் மூன்று சதவீதம் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. யாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு துபாய்க்கு ஓடவும் இல்லை. 2014-ல் ஸ்டேட் பேங்க் குழுமமே இப்படி ஒரு ஷரியத் ஃபண்டை அறிவித்தது. விற்பனை தொடங்க வேண்டிய நேரத்தில் தள்ளிப் போட்டது. தள்ளிப் போட்டது போட்டதுதான்.

பொதுத்துறை ஃபண்ட் கதவை மூடியது. அப்புறம் ஐந்தே வருடத்தில் நாற்பதாயிரம் பேர் புகார் மனுவோடு வரிசையில் நின்றார்கள்.

*

'மதச்சார்பற்ற அரசு ஷரியத்தைக் கண்காணிப்பதா? அடுத்து என்ன, முஃப்தி பரீட்சையை ரிசர்வ் வங்கி நடத்துமா?' என்று சிலர் கொதிப்பார்கள்.

உங்கள் வீட்டு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புள்ளி இருக்கும். சைவம் என்று அர்த்தம். அரசாங்கம் சைவமா? இல்லை. சைவம்தான் உயர்ந்தது என்று அரசாங்கம் சொல்கிறதா? இல்லை. 'சைவம் என்று எழுதி விற்றால் உள்ளே சைவம்தான் இருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்கிறது. பொய் சொன்னால் தண்டிக்கிறது. இதில் யாருடைய மதச்சார்பின்மையும் கெட்டுப்போகவில்லை. 'ஹலால் முதலீடு' என்று எழுதி விற்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். எது ஹலால் என்று தீர்மானிக்கும் வேலையை உலமாக்களே செய்யட்டும். தீர்மானித்தது யார், எந்த ஆவணத்தைப் பார்த்து, யாரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு என்பதை எழுத்தில் கேட்கும் வேலையை அரசு செய்யட்டும்.

'அது அவங்க பிரச்னை, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் 2022-ல் கவிழ்ந்த கம்பெனியின் பெயர் ஆருத்ரா. சிவபெருமானின் நட்சத்திரம். மாதம் இருபத்தைந்து முதல் முப்பது சதவீதம் தருவதாகச் சொல்லி, ஒரு லட்சம் பேருக்கு மேல், 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக வழக்கு. மயிலாப்பூரில் 1872-ல் தொடங்கிய ஹிந்து பெர்மனென்ட் ஃபண்டில் போட்ட பணம் வரவில்லை என்று முதியவர்கள் கதறி, அதன் தலைவர் கைதானது 2024 ஆகஸ்டில். இரண்டு வழக்குகளிலும் தீர்ப்பைக் கோர்ட் சொல்லட்டும். சாமி பெயரைக் கேட்டதும் நம் கால்குலேட்டரும் நின்றுதான் போகிறது. பாய்க்கு முஃப்தி, நமக்கு மஞ்சள் குங்குமம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் உலமாக்களுக்கும் மரியாதையோடு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் பைத்துல்மால் நடத்துகிறீர்கள். நகையை வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக் கந்துவட்டிக்காரனிடமிருந்து குடும்பங்களைக் காப்பாற்றுகிறீர்கள். அந்த நல்ல பெயரைத்தான் இந்த ஆசாமிகள் கடன் வாங்கி விற்கிறார்கள். அதை நீங்களே நிறுத்தலாம். எந்த முதலீட்டுக் கம்பெனிக்கும் மிம்பரிலிருந்து விளம்பரம் செய்வதில்லை என்று தீர்மானம் போடுங்கள். சான்று கொடுக்கிற ஆலிம், கம்பெனியிடமிருந்து சம்பளமோ கமிஷனோ அன்பளிப்போ வாங்கினால் அதைச் சான்றிலேயே எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். ஃபீஸ் வேண்டுமென்றால் பொதுவான ஒரு நிதியில் கம்பெனிகள் கட்டட்டும், அதிலிருந்து கொடுக்கலாம். சான்று கொடுப்பவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பொய்ச் சான்று கொடுத்தவரை அதிலிருந்து நீக்கி, ஊரறியச் சொல்லுங்கள். இதற்கு டெல்லியில் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற வெள்ளிக்கிழமையே ஆரம்பிக்கலாம்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. மதத்தின் பெயரால் பொதுமக்களிடம் பணம் வாங்கும் எந்தக் கம்பெனியும், அது லாபப் பங்கானாலும் பார்ட்னர்ஷிப் ஆனாலும், ஏதாவது ஓர் ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வந்தாக வேண்டும். பார்ட்னர் என்ற விலக்குக்குத் தலை எண்ணிக்கை வரம்பு வேண்டும். மதச் சான்று பெற்ற திட்டமென்றால் சான்று கொடுத்தவரின் பெயரும் அவர் வாங்கிய தொகையும் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சாக வேண்டும். அப்புறம் அந்த ஜன்னல். அதைத் திறந்துதான் ஆக வேண்டும். நல்ல கடை இல்லாத தெருவில்தான் கலப்படக் கடைக்கு வியாபாரம்.

இதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை உங்கள் பணத்துக்கு நீங்கள்தான் காவல். எந்தச் சாமியின் பெயரைச் சொல்லி யார் வந்து கேட்டாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று, பொதுமக்களிடம் பணம் வாங்க இந்தக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது யார்? கம்பெனியாகப் பதிவு செய்த சான்றிதழைக் காட்டுவார்கள். அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிறந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு, கடைசியாக எந்த மாதம் நஷ்டம் வந்தது? 'நஷ்டமே வந்ததில்லை' என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட் எங்கே? 'அதெல்லாம் நமக்குள்ள எதுக்கு பாய், நம்பிக்கைதானே முக்கியம்' என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்கு, நான் பார்ட்னர் என்றால் கம்பெனி முடிவுகளில் என் ஓட்டு என்ன? நாளைக்குக் கடன்காரன் வந்தால் என் பொறுப்பு என்ன?

ஐந்தாவது கேள்வியைக் கேட்கத்தான் துணிச்சல் வேண்டும். எதிரில் இருப்பவர் மதிப்புக்குரியவர். கேட்டால் மரியாதைக் குறைவோ என்று நாக்கு கூசும். கூசட்டும். ஆனாலும் கேளுங்கள். "ஹஸ்ரத், இது கூடும்னு சொல்றீங்க, சந்தோஷம். இப்படிச் சொல்றதுக்கு இவங்க உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறாங்க?"

'ஒன்றும் வாங்கவில்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், இதோ நான் பார்த்த ஆவணங்கள்' என்று சொல்கிற ஆலிம் கிடைத்தால் அவர் கையைப் பிடித்து முத்தமிடுங்கள். கேள்வியைக் கேட்டதும் கோபப்படுகிறவர் என்றால், உங்கள் ஒரு லட்சம் பிழைத்தது.